கிணற்றில் சரிபாதி

என் அப்பா எழுதிய பத்திரங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "என் ஆயுள் பரியந்தம் நானே ஆண்டு அனுபவித்துக்கொண்டு, என் காலத்துக்குப் பிறகு நீ அடைய வேண்டியது." கும்பகோணம் பக்கம் அவரும் பத்திர எழுத்தர், நானும் பத்திர எழுத்தர். பிள்ளைக்கு வீட்டை எழுதிவைக்கிற கிழவர்களுக்கு அந்த வரிதான் ஊன்றுகோல். பிள்ளை முறைத்துக்கொண்டாலும் திண்ணையை விட்டு எழுப்ப முடியாது.

என் காலத்தில் அந்த வரி போயிற்று. நான்தான் எடுத்தேன். "அப்பாவுக்கு அனுபவப் பாத்தியம்னு இருந்தா லோனுக்கு இழுத்தடிக்கிறாங்க சார், எடுத்துடுங்க" என்பார்கள் பிள்ளைகள். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார். அந்த இடத்தில் வேறொரு வரி வந்தது: "இந்தத் தான செட்டில்மெண்டை எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை." கம்ப்யூட்டர் வந்த பிறகு அது மாதிரிப் படிவத்திலேயே குடியேறிவிட்டது. யாரும் கேட்காமலே அச்சாகும்.

உயில் என்றால் நினைத்தபோது மாற்றலாம். செட்டில்மெண்ட் அப்படியல்ல, பதிவானதும் சொத்து கைமாறிவிடும். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, தானம் கொடுத்ததைத் திரும்ப வாங்க ஒற்றையடிப் பாதைதான் விட்டிருந்தது. இன்னது நடந்தால் ரத்து என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த 'இன்னது' கொடுத்தவரின் இஷ்டத்தைப் பொறுத்ததாகவும் இருக்கக் கூடாது. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியிருந்தால் அது வேறு வழக்கு. சோறு போடவில்லை என்பது இதில் எதிலும் சேராது. ஜீவனாம்சப் பிரிவில் பெற்றோரையும் சேர்த்தது 1973-இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதற்கும் 2001 வரை உச்சவரம்பு மாதம் 500 ரூபாய்.

1993-இல் ஒரு அம்மாள் மகனோடு வந்தார். இரண்டு கட்டு ஓட்டு வீடு. சொத்து விவரத்தை விடாமல் எழுதினேன்: கிழமேல் 24 அடி, தென்வடல் 90 அடி, கொல்லைக் கிணற்றில் சரிபாதி, வடபுறச் சந்தில் வழிநடைப் பாத்தியம், தென்னை இரண்டு. எல்லாம் முடிந்தபின் அந்த அம்மாள், "தம்பி, கடைசி வரைக்கும் கஞ்சி ஊத்துவான்னு ஒரு வரி சேத்துக்க" என்றார். மகன் முகம் சுண்டியது. "அதெல்லாம் பத்திரத்துல எழுதுற விஷயமாம்மா?" என்று கேட்டது மகனல்ல, நான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரேகை வைத்த பெருவிரலை வாசல் தூணில் தேய்த்துவிட்டுப் போனார்.

2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. 60 வயது நிரம்பியவர், தம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், அது மோசடியால் வாங்கியதாகக் கருதப்பட்டு ரத்தாகும் என்றது 23-ஆம் பிரிவு. மனு கோட்டாட்சியரிடம். வக்கீல் வைக்கக் கூடாது என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு எழுத்து வேலை கூடியது.

அந்த அம்மாள் மறுபடி வந்தார், மகன் இல்லாமல். ஆனால் 23-ஆம் பிரிவு, சட்டம் வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்குத்தான். அவருடையது 1993. போதாக்குறைக்கு நிபந்தனையும் இல்லை. அதைத் தடுத்தவன் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஜீவனாம்சத்துக்கு மட்டும் மனு எழுதினேன். அந்தச் சட்டத்தில் அதிகபட்சம் மாதம் 10,000. கூலி வாங்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

புதிய பத்திரங்களுக்கும் வழி நேராக இல்லை. பிள்ளைக்கு அன்பினால் கொடுக்கும்போது நிபந்தனை தானாக ஒட்டிக்கொள்ளாது, இருந்ததென்று காட்டியாக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம், 2022 டிசம்பரில். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில், முதியவர்களைக் காக்க வந்த சட்டத்தைத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று வீட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தது. அவர் கையில் மகன் தந்ததாக ஓர் உறுதிமொழிக் கடிதம் இருந்தது. அதைப் போலி என்றார் மகன். மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஓரடி போய், அன்பினால் கொடுக்கிறேன் என்றால் அந்த அன்பே நிபந்தனைதான் என்றது. "உன்பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று வாய்ப்பாடாக எத்தனையோ பத்திரங்களில் எழுதியிருக்கிறேன். வெறும் அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது சொத்து விவரத்துக்கு முன்னாலேயே அடித்துவிடுகிறேன்: உணவு, உடை, வைத்தியம் பார்க்கத் தவறினால் இந்த செட்டில்மெண்ட் ரத்து. போன மாதம் ஒரு பெரியவர் அதைத் திரையில் படித்துப் பார்த்துவிட்டு, வெளியே செல்போனில் பேசிக்கொண்டிருந்த மகனை ஓரக்கண்ணால் பார்த்தார். "இது வேணாங்க, புள்ள மனசு கோணும்" என்றார்.

பத்திரத்தாளில் பிரிண்ட் எடுத்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று சொன்னேன். பிரிண்டரை அப்போது ஆன் செய்யக்கூட இல்லை.