பொருநை நெல்லும் நோன்புக் கஞ்சியும்

நோயுற்றோருக்கும் துயருற்றோருக்கும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பரிந்துரைத்த தல்பீனா, வாற்கோதுமை மாவில் காய்ச்சிய கஞ்சி. அரபு மண்ணுக்கு வாற்கோதுமை. பொருநைக் கரைக்கு நெல். சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என 2021-இல் அறிவிக்கப்பட்டது.

அதே ஆற்று வட்டாரத்து மேலப்பாளையத்தில் நோன்பு திறக்க இன்றும் அரிசிக் கஞ்சிதான். 2001 முதல் அரசும் பள்ளிவாசல்களுக்கு இதற்கென அரிசி வழங்குகிறது. நொய், பாசிப்பருப்பு, பூண்டு, வெந்தயம் குழைய வெந்தால் வெறும் வயிற்றுக்கு இதம். வெந்தயத்தின் கொழகொழப்பு கரையும் நார்ச்சத்து. குடலின் நல்ல நுண்ணுயிரிகளுக்கு அது உணவு.

நம் வீடுகளிலோ சமோசாவும் வடையும் முந்திக்கொள்ள, கஞ்சி ஆறிக் கிடக்கிறது. கசக்கிறதென்று வெந்தயத்தை ஒதுக்கும் பிள்ளைகளை நானும் வளர்த்திருக்கிறேன். இந்த ரமளானில் அதை முந்தைய இரவே ஊறவைக்கச் சொல்லியிருக்கிறேன்.