கராச்சியில் ஏறின நர்ஸம்மா

போன வாரம் ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு 108 வண்டி ஓரமா நின்னுச்சு. உள்ளே ஒருத்தர் குனிஞ்சு நோயாளிக்கு ஏதோ செய்துகொண்டிருந்தார். ரெண்டு நிமிஷத்தில் கிளம்பிப் போயிடுச்சு. ரோட்டில் சிக்கல்னா ஓரங்கட்டலாம். நடுவானத்தில்? இந்தக் கேள்வியோடு நோண்டப் போய் மாட்டினவர்தான் எல்சி ஆட்.

1943 ஜனவரி. இடம், கராச்சி (அப்போ அது இந்தியாதானுங்க). அங்கே அமெரிக்க ராணுவ நர்ஸாக இருந்த எல்சிக்கு ஒரு உத்தரவு: அஞ்சு நோயாளிகளோடு விமானத்தில் வாஷிங்டன் போகணும். கிளம்ப ஒரே நாள்தான் அவகாசம். அம்மணி அதுவரைக்கும் விமானத்தில் ஏறினதே இல்லை!

நோயாளிகளில் ரெண்டு பேருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஒருத்தருக்குக் காசநோய், இன்னொருத்தருக்குக் கண் அழுத்த நோய், அஞ்சாவது ஆளுக்கு மனநோய். கூட டாக்டர் கிடையாது. துணைக்கு வந்த சார்ஜெண்டுக்கே மூட்டுவாதம். மருந்துன்னு பார்த்தால் ஒரு முதலுதவிப் பெட்டி. ஜனவரி 17-ல் கிளம்பி, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா வழியா ஆறரை நாளில் போய்ச் சேர்ந்தார்கள். கப்பல்னா மூணு மாசம்.

இதில் என்ன பெரிய கஷ்டம்னு கேட்டால், பதில் நம்ம பள்ளிக்கூட பிசிக்ஸில் இருக்கு. 8,000 அடியில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால்வாசிதான். ஆக்சிஜனும் அதே கணக்கில் குறையும். நல்ல நுரையீரல் சமாளிச்சுக்கும், காசநோய் அரிச்சது திணறும். உடம்புக்குள்ளே அடைபட்ட காற்றோ மூணில் ஒரு பங்கு உப்பும். நெஞ்சுக்கூட்டில் காற்று கசிஞ்சு தங்கின ஆளை அப்படியே ஏத்தினால், அது நுரையீரலையே நெருக்கிடும். அதனால் இப்போதெல்லாம் கிளம்பும் முன்பே குழாய் போட்டு அதை வெளியேற்றுகிறார்கள். மூச்சுக்குழாயில் செருகும் டியூபைச் சுத்தி ஒரு குட்டி பலூன் இருக்கும். மேலே போனால் அது உப்பி அழுத்தும், இறங்கும்போது சுருங்கிக் கசியும். நர்ஸ் அதை ரெண்டு தடவையும் சரிபார்க்கணும். ஆக, வானத்து அவசரத்தில் பாதியைத் தரையிலேயே முடிச்சாகணும். எல்சிக்கு அப்படி முடிக்க ஆளும் இல்லை, அவகாசமும் இல்லை.

ஆனால் போய்ச் சேர்ந்ததும் ஒரு காரியம் செய்தார் பாருங்க: என்னென்ன இல்லாமல் தவிச்சோம்னு ஒரு பட்டியல் கொடுத்தார். ஆக்சிஜன், கூடுதல் கட்டுத்துணி, போர்வை, நிறைய காபி. அப்புறம், நர்ஸுகளுக்குப் பாவாடை வேண்டாம், பேண்ட் வேணும். அக்மார்க் பக் ரிப்போர்ட்! எனக்குப் பதக்கத்தைவிட இதுதான் பெரிசாத் தெரியுது. (அந்த மார்ச்சிலேயே ஏர் மெடல் கொடுத்தார்கள். அமெரிக்க ராணுவத்தில் அதை வாங்கின முதல் பெண் இவர்தான்.)

கென்டக்கி மாநிலத்து பௌமன் ஃபீல்டில் விமான நர்ஸுகளின் முதல் அணி பயிற்சி முடித்தது 1943 பிப்ரவரி 18-ல். எல்சியும் அதுக்கப்புறம்தான் அங்கே போய்ப் படிச்சார். புரொடக்‌ஷனில் இறக்கிவிட்டுட்டு அப்புறமா டிரெயினிங் கொடுக்கிற வழக்கம் எங்க தொழிலில் மட்டும்தான்னு நினைச்சிருந்தேன் :-)

அந்த அக்டோபரிலேயே மறுபடி இந்தியா வந்துட்டார், முறையான விமான நர்ஸாக.

கொசுறு: 1984 நவம்பர் 5-ல் எம்.ஜி.ஆர். சிகிச்சைக்காக மெட்ராஸிலிருந்து நியூயார்க் போனது ஏர் இந்தியாவின் போயிங் 707-ல். உள்ளே ஆஸ்பத்திரி மாதிரியே வசதி செய்திருந்தார்கள், டாக்டர்களும் கூடவே போனார்கள். எல்சி பார்த்திருந்தால் பெருமூச்சு விட்டிருப்பார்.