மூலிகை நறுமண எண்ணெய்க் கலவைகள்: தரக்கட்டுப்பாடு

மூலிகைகளின் இலை, பூ, பட்டை, விதை முதலியவற்றை நீராவியில் வடித்து எடுக்கப்படும், எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் நறுமண எண்ணெய்கள் எனப்படும். இவற்றுள் இரண்டோ பலவோ சேர்ந்தது கலவை. தலைவலித் தைலம், மூட்டுவலித் தைலம், மூக்கடைப்புக்கான இன்ஹேலர் ஆகியவற்றில் இருப்பவை பெரும்பாலும் இத்தகைய கலவைகளே. ஒவ்வோர் எண்ணெயும் சொன்ன தாவரத்திலிருந்து வந்ததா, சொன்ன அளவில் இருக்கிறதா, கெடாமல் வாங்குபவர் கைக்குச் சேருமா என்று பார்ப்பதே தரக்கட்டுப்பாடு. இதில் பெரும்பகுதி வேலை கலப்பதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். கலந்த பிறகு வழக்கமான கருவிகளால் கண்டுபிடிக்க முடியாத கலப்படங்கள் பல.

தனி எண்ணெயைச் சோதித்தல்

யூக்கலிப்டஸ் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து 1843-இல் நீலகிரிக்கு வந்தது. விறகுத் தேவைக்காகப் பெருமளவில் நடப்பட்ட மரம் பிறகு தைலத் தொழிலுக்கும் அடிப்படையாயிற்று. உதிர்ந்த இலைகளைச் செப்புப் பாத்திரங்களில் காய்ச்சி வடிக்கும் முறை உதகை வட்டாரத்தில் இன்றும் உண்டு. இந்தத் தைலத்தின் உயிர்நாடி சினியோல் என்ற சேர்மம். ஐரோப்பிய மருந்து நூல் இது குறைந்தது 70 விழுக்காடு இருக்கவேண்டும் என்கிறது, ஒப்படர்த்தி 0.906 முதல் 0.927 வரை, ஒளிவிலகல் எண் 1.458 முதல் 1.470 வரை என்றும் வரையறுக்கிறது. டர்பன்டைன் கலந்தால் அடர்த்தி இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். தேங்காயெண்ணெய் போன்ற ஆவியாகாத எண்ணெய் கலந்திருந்தால் கருவியே வேண்டாம்: வடிதாளில் ஒரு சொட்டு விட்டு உலரவைத்தால், நல்ல தைலம் பறந்துவிடும், கலப்படம் எண்ணெய்க்கறையாய்த் தங்கும்.

சினியோல் அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது. மலிவான எண்ணெயில் தனிச் சினியோலை ஊற்றி 70-ஐ எட்டிவிடலாம். கற்பூர மர எண்ணெயிலிருந்து பிரித்த சினியோல் பகுதியையே யூக்கலிப்டஸ் தைலம் என்று விற்பதும் நடக்கிறது. ஆகவே மருந்து நூல், இருக்கவேண்டியதைப் போலவே இருக்கக்கூடாததையும் அளக்கிறது. கற்பூரம் 0.1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி அதற்காகத்தான். மருந்துக்கு ஆகாத வேறு யூக்கலிப்டஸ் இனங்களில் ஃபெலாண்ட்ரீன் மிகுதி. சோடியம் நைட்ரைட்டும் அசிட்டிக் அமிலமும் சேர்த்துக் குலுக்கினால் அது படிகமாகத் திரண்டு நிற்கும். எலுமிச்சை மணமுள்ள யூக்கலிப்டஸில் சினியோலுக்குப் பதில் சிட்ரோனெல்லால் நிறைந்திருக்கும். ஆல்டிஹைடு சோதனை அதைப் பிடித்துவிடும்.

புதினா எண்ணெயிலும் இதே சிக்கல். உத்தரப் பிரதேசத்தில் பெருமளவில் விளையும் ஜப்பானியப் புதினா மெந்தால் எடுக்க மிக ஏற்றது. ஆனால் அதன் எண்ணெயைப் பெப்பர்மின்ட் என்று விற்கக்கூடாது. பெப்பர்மின்ட்டில் மெந்தோஃபியூரான் இருக்கும், ஐசோபுலகால் மிகக் குறைவு. ஜப்பானியப் புதினாவில் இந்த நிலை தலைகீழ்.

கலந்தபின் மறைபவை

கலந்தபின் கலப்படம் மறைந்துவிடுவதற்கு, வட இந்தியாவில் அமிர்ததாரா என்று பெயர்பெற்ற கலவை நல்ல சான்று. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ஓம உப்பு, புதினா உப்பு (மெந்தால்), கற்பூரம் மூன்றும் திடப்பொருள்கள். ஒரு புட்டியில் போட்டுக் குலுக்கினால் நெருப்பில்லாமலே உருகி நீர்மமாகிவிடும். கலவையின் உருகுநிலை தனித்தனிப் பொருளின் உருகுநிலையைவிடத் தாழ்ந்துவிடுவதே காரணம்.

இயற்கைக் கற்பூரம் ஒளியின் தளத்தை வலப்பக்கம் ஏறத்தாழ 41 முதல் 44 பாகை சுழற்றும். டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்யும் கற்பூரம் சுழற்றுவதில்லை. இயற்கை மெந்தால் இடப்பக்கம் 50 பாகையளவு சுழற்றும். இருவகை வடிவும் சரிபாதியாய் அமைந்த செயற்கை மெந்தால் சுழற்றாது. இந்தச் சுழற்சியை அளக்கும் போலாரிமீட்டரில் தனித்தனியே வைத்தால் சில நிமிடங்களில் உண்மை தெரிந்துவிடும். இரண்டு இயற்கைப் பொருள்களையும் சம அளவில் கலந்துவிட்டாலோ வலமும் இடமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சுழிக்கு அருகில் நிற்கும். இரண்டும் போலியானாலும் அதே சுழிதான். தைமால் எனப்படும் ஓம உப்பு எந்தப் பக்கமும் சுழற்றாததால் உதவிக்கு வராது. இவற்றைப் பிரித்துக் காட்ட, கீழே சொல்லப்படும் வளிம நிறப்பகுப்பியில் இடவல வடிவங்களை வேறுபடுத்தும் தனிவகைக் குழாய் வேண்டும். அது சிறு ஆய்வகங்களுக்கு எட்டும் செலவல்ல.

வின்டர்கிரீன் எண்ணெய் இன்னும் கடினம். அதில் ஏறக்குறைய முழுவதுமே மெத்தில் சாலிசிலேட். ஆலையில் செய்ததும் அதே சேர்மம். கார்பன்-14 அளவைப் பார்த்தால், பெட்ரோலிய மூலத்தில் அது இல்லாததால், வேறுபாடு விளங்கும். இங்கே அளவுதான் உயிர்ப்பிரச்சினை. ஒரு தேக்கரண்டி வின்டர்கிரீன் எண்ணெய், பெரியவர்களுக்கான இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கு ஈடு. குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கற்பூரம் வலிப்பை உண்டாக்கும் என்பதால் அமெரிக்காவில் மருத்துவர் சீட்டின்றி விற்கும் பொருள்களில் அது 11 விழுக்காட்டை மீறக்கூடாது.

வளிம நிறப்பகுப்பி

1952-இல் ஜேம்ஸும் மார்ட்டினும் உருவாக்கிய வளிம நிறப்பகுப்பு முறையே இத்துறையின் முதன்மைக் கருவி. எண்ணெய்த் துளி நீண்ட மெல்லிய குழாய்க்குள் ஆவியாகி ஓடும்போது சேர்மங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்து தாளில் முகடுகளாகப் பதியும். எனினும் கலவையின் படத்தில் ஒரு சினியோல் முகடு இருந்தால், அது யூக்கலிப்டஸிலிருந்து வந்ததா, ஏலக்காயிலிருந்தா, ரோஸ்மேரியிலிருந்தா என்று அந்த முகடு சொல்லாது. நல்ல நிறுவனங்கள் ஒவ்வொரு மூல எண்ணெயின் படத்தையும், ஒவ்வொரு தொகுதியின் மாதிரிப் புட்டியையும் பத்திரப்படுத்துவது இதனால்தான்.

தயாரிப்பும் சேமிப்பும்

மெழுகு அடித்தளம் சூடாக இருக்கும்போதே எண்ணெயைச் சேர்த்தால் பைனீன் போன்ற இலகுவான பகுதிகள் பறந்துபோகும். ஏட்டில் உள்ள விழுக்காடு டப்பியில் இராது. கலவைத் தொட்டியின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் மாதிரி எடுப்பது வழக்கம். காற்றும் வெளிச்சமும் பட்டால் லிமோனீன் ஆக்சிஜனேற்றமடைந்து தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பெராக்சைடுகளாக மாறும். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இவ்வெண்ணெய்கள் கரைத்துவிடும். பழுப்புக் கண்ணாடிப் புட்டியும் இறுக்கமான மூடியுமே பொருத்தம்.

வாங்குபவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தாவரப் பெயர்கள், ஒவ்வொன்றின் அளவு, தொகுதி எண், உற்பத்தி நாள், உரிம எண் ஆகியவற்றை லேபிளில் பாருங்கள். ‘நூறு விழுக்காடு இயற்கை’ என்ற சொற்கள் மட்டும் பெரிதாக இருந்து இவை இல்லையென்றால், அந்தப் புட்டியை வாங்காதீர்கள்.