கப்பல் பட்டறையிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு

அல்ட்ராசவுண்ட் என்றதும் நம் மெக்கானிக்கல் ஆட்களுக்கு வெல்டிங் டெஸ்ட்தான் ஞாபகம் வரும். மற்றவர்களுக்கு ஸ்கேன் சென்டர். இரண்டுக்கும் நடுவே ஒரு கதை இருக்கிறது. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும், இப்போது படிக்கிற தம்பி தங்கைகளையும் மனதில் வைத்து அதையே எழுத உட்கார்ந்தேன்.

ஸ்வீடனில் லுண்ட் நகரம், 1953. இதய மருத்துவர் எட்லருக்கு ஒரு தலைவலி. மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு அந்தக் காலத்தில் சர்ஜன் விரலை உள்ளே விட்டு, ஒட்டிக்கொண்டதைப் பிரித்துவிடுவார். ஆனால் அந்த வால்வு ஏற்கெனவே ஒழுகிக்கொண்டும் இருந்தால்? மேலும் பிரித்தால் ஆள் கதி என்னாவது? முன்கூட்டியே நிச்சயமாகச் சொல்ல வழியில்லை. எட்லர் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியல்காரரிடம் போனார். (நாம் கிலோஹெர்ட்ஸ், மெகாஹெர்ட்ஸ்னு சொல்றோமே, அந்த ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் இவருடைய அப்பாவுக்குப் பெரியப்பா!)

மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் உலோக விரிசல் பார்க்கும் மிஷின் இருந்தது. ஹெர்ட்ஸ் அதைத் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். எதிரொலி துடிப்போடு சேர்ந்து நகர்ந்தது! பிறகு சீமென்ஸ் ஒரு மிஷினை இரவல் கொடுக்க, அக்டோபர் 29-ல் முதல் பதிவு எடுத்தார்கள். 1977-ல் இருவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

இதெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னால் பார்ப்பது. ரிப்பேர் சரியாக அமைந்ததா என்று பார்ப்பதுதான் கஷ்டம். இதயம் நின்றிருக்கும்போது சிரிஞ்சில் சலைன் செலுத்தி ஒழுகுகிறதா என்று சர்ஜன் பார்ப்பார். ஓடாத பம்ப்பில் லீக் டெஸ்ட் பண்ணுகிற மாதிரிதான். 1972-லேயே அமெரிக்காவில் திறந்த நெஞ்சில், இதயத்தின் மேலேயே ப்ரோபை வைத்துப் பார்த்தார்கள். 1980-களில் உணவுக்குழாய் வழியாக இறக்கும் ப்ரோபும் கலர் டாப்ளரும் வந்தபின், துடிக்கிற இதயத்திலேயே ஒழுகல் வண்ணமாகத் தெரிந்தது.

சுருக்கத்தை அளக்க நார்வேயின் டாக்டர் லிவ் ஹாட்லே காட்டிய கணக்கு நமக்குப் பழகியதுதான், பெர்னூலி! வேகத்தின் வர்க்கத்தை 4-ஆல் பெருக்கினால் அழுத்த வித்தியாசம். வினாடிக்கு 2 மீட்டர் என்றால் 16 மில்லிமீட்டர் பாதரசம். ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் இதே சமன்பாட்டுக்கு நாம் விட்ட பெருமூச்சு எத்தனை!

மயக்கத்தில் பி.பி. இறங்கியிருந்தால் ஒழுகலும் குறைவாகத்தான் தெரியும். அதனால் மருந்து கொடுத்து பி.பி.யை ஏற்றி மறுபடி பார்க்கிறார்கள். சில சமயம் தைத்த வால்வின் முன் இதழே ரத்தம் வெளியேறும் பாதையில் இழுபட்டு அடைக்கும். அப்போது திரவம் ஏற்றி, இதயத்தைத் தூண்டும் மருந்தைக் குறைத்தாலே பலருக்குச் சரியாகிவிடும்; கத்தி தேவையில்லை. அப்படியும் ஒழுகல் கணிசமாக நின்றால், மறுபடி இதய-நுரையீரல் மிஷினில் போட்டு, இதயத்தை நிறுத்தித் திறக்க வேண்டும். அதில் ஆபத்து கூடும். விட்டுவிட்டால் பின்னொரு நாள் மறு ஆபரேஷன். நெஞ்சை மூடுவதற்குள், திரையைப் பார்த்து அந்தச் சில நிமிஷங்களில் முடிவெடுக்கிறார்கள்.