டூயி வென்றாராம்: பழைய தலைப்புச் செய்திகள் மெய்யாகியிருந்தால்

பழைய நாளிதழ்களை ஆய்வுக்காகப் புரட்டுவோர்க்கு ஏற்ற விளையாட்டு ஒன்று உண்டு. ஒரு தலைப்புச் செய்தியை எடுத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் வந்த திருத்தத்தை மறந்துவிட வேண்டும். அத்தலைப்பு சொல்லுக்குச் சொல் உண்மை என்று வைத்துக்கொண்டு, அதன்பின் உலகம் எப்படி நடந்திருக்கும் என்று கற்பனை செய்ய வேண்டும். விதி ஒன்றே: தலைப்பைத் தவிர மற்றவை யாவும் அக்காலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும். நாளிதழை வரலாற்றுச் சான்றாகக் கொள்வது எப்படி என்ற கேள்விக்கு இவ்விளையாட்டு எதிர்பாராத வெளிச்சம் தருகிறது. மூன்று தலைப்புகளைக் கொண்டு பார்க்கலாம்.

முதலாவது, சந்திரன். 1835 ஆகஸ்ட் 25 அன்று நியூயார்க்கின் ‘சன்’ நாளிதழ் ஆறு பகுதிகள் கொண்ட கட்டுரைத் தொடர் ஒன்றைத் தொடங்கியது. வானியலறிஞர் சர் ஜான் ஹெர்ஷல் நன்னம்பிக்கை முனையில் நிறுவிய மாபெரும் தொலைநோக்கியால் சந்திரனில் உயிர்களைக் கண்டுவிட்டார் என்பது செய்தி. ஒற்றைக்கொம்பு ஆடுகள், இரு காலில் நடக்கும் பீவர்கள், முடிவில் சிறகுடைய வௌவால் மனிதர்கள். ஹெர்ஷல் அப்போது நன்னம்பிக்கை முனையில் இருந்தது மட்டுமே இதில் உண்மை. எழுதியவர் ரிச்சர்ட் ஆடம்ஸ் லாக் என்ற இதழாளர்.

இத்தலைப்பு மெய்யாகியிருந்தால்? அதே 1835இன் பிப்ரவரியில்தான் மெக்காலே தம் புகழ்பெற்ற கல்விக் குறிப்பை எழுதியிருந்தார். ஆகவே கல்கத்தாவில் அடுத்த குறிப்பு தயாராகியிருக்கும். கீழைத்தேயக் கல்வியை ஆதரித்தோர் வௌவால் மொழிக்கு இலக்கணம் அச்சிட மானியம் கேட்டிருப்பார்கள். ஆங்கிலக் கல்வியை ஆதரித்தோர், சிறகு உடையவர்களாயினும் அவர்களை ரசனையில் ஆங்கிலேயராக்கலாம் என்று வாதிட்டிருப்பார்கள். வௌவால் மனிதர்கள் கையசைவுகளோடு உரையாடிக்கொண்டிருந்ததாக ‘சன்’ எழுதியது. ஒலி ஏதும் கேளாமலே அது உரையாடல்தான் என்று முடிவு செய்த அந்தத் துணிவு மொழியியலாளர் எவரையும் பொறாமைப்பட வைக்கும். இக்கற்பனை நமக்கு இயல்பாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. கண்டறிதலுக்கும் ஆளுதலுக்கும் இடையே அதிக இடைவெளி இல்லாத காலம் அது. விளையாட்டின் முதற்பயன் இதுவே: தலைப்பு பொய்யாயினும், அதன் விளைவுகளாக நாம் கற்பிப்பவை அக்காலத்தின் இயல்பை மெய்யாகவே காட்டுகின்றன.

இரண்டாவது, இதழியல் வகுப்புகள் அனைத்திலும் காட்டப்படும் தலைப்பு. 1948 நவம்பர் 3 அன்று ‘சிகாகோ டெய்லி டிரிப்யூன்’ இதழின் முதற்பதிப்பு, அமெரிக்க அதிபர் தேர்தலில் ட்ரூமனை டூயி தோற்கடித்ததாக முதற்பக்கம் நிறைய அறிவித்தது. ஏறத்தாழ 1,50,000 படிகள் அச்சாயின. ட்ரூமன் 303 தேர்வாளர் வாக்குகளும் டூயி 189 வாக்குகளும் பெற்றனர் என்பதே முடிவு. மறுநாள் செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் ட்ரூமன் அந்த இதழை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கும் நிழற்படம் தலைப்பைவிடப் புகழ்பெற்றுவிட்டது.

விளையாட்டின்படி, அந்த 1,50,000 படிகளும் தனியொரு குடியரசாகின்றன. அதன் எல்லை அன்றைய விநியோக வண்டிகள் சென்ற தெருக்கள். அதன் அதிபர் தாமஸ் டூயி. அவரது பதவிக்காலம் முதற்பதிப்புக்கும் திருத்திய பதிப்புக்கும் இடைப்பட்ட சில மணிநேரம். அவரை அகற்ற நாடாளுமன்றத் தீர்மானம் வேண்டியதில்லை. புதிய தாள்கட்டு ஒன்று போதும். முதற்பதிப்பு வாங்கியவரும் பிற்பதிப்பு வாங்கிய அடுத்த வீட்டுக்காரரும் வேறு வேறு நாட்டுக் குடிமக்களாகக் காலை வணக்கம் சொல்லிக்கொள்வார்கள்.

இது மிகையான கற்பனை என்று தோன்றினால், அன்றைய பெரிய பத்திரிகையாளர்கள் இதே விளையாட்டை விளையாட்டென்று அறியாமலே ஆடியதைப் பார்க்க வேண்டும். ‘கிப்ளிங்கர்’ இதழ் டூயி என்னென்ன செய்வார் என்பதற்கென்றே சிறப்பிதழ் வெளியிட்டது. ‘லைஃப்’ இதழ் டூயியின் படத்துக்குக் கீழே அவரை அடுத்த அதிபர் என்றே குறித்தது. ட்ரூ பியர்சன் முன்கூட்டி எழுதி அனுப்பிய பத்தி, வெள்ளை மாளிகைக்குள் நுழையவிருக்கும் டூயியின் நெருங்கிய வட்டத்தை அறிமுகம் செய்தபடி தேர்தலுக்குப் பின் வெளிவந்தது. கருத்துக்கணிப்பாளர் எல்மோ ரோப்பர், முடிவு தெரிந்துவிட்டது என்று செப்டம்பரிலேயே கணிப்பைக் கைவிட்டிருந்தார்.

ஆயினும் இறுமாப்பு மட்டுமே அத்தலைப்பை உருவாக்கவில்லை. சிகாகோ நாளிதழ்களின் அச்சுக்கோப்பாளர்கள் 1947 நவம்பர் முதல் வேலைநிறுத்தத்தில் இருந்தனர். பக்கங்களைத் தட்டச்சு செய்து, படமெடுத்து, தகடாக்கி அச்சிட வேண்டியிருந்ததால், வழக்கத்தைவிடப் பல மணிநேரம் முன்னதாகவே முதற்பதிப்பை முடிக்க நேர்ந்தது. வேலைநிறுத்தத்தின் பின்னணியில் இருந்தது தொழிற்சங்க உரிமைகளைக் குறைத்த டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம். அச்சட்டத்தைத் தம் மறுப்பதிகாரத்தால் தடுக்க முயன்று தோற்றவர் ட்ரூமன். அவர் எதிர்த்த சட்டம், அதை எதிர்த்த தொழிலாளர்கள், அவர்கள் இல்லாமல் அச்சான இதழ், அவரைத் தோற்கடித்த தலைப்பு. கற்பனையால் இதைவிட நேர்த்தியான வேடிக்கையைப் புனைய இயலாது.

இங்கே இலக்கணமும் சற்றுப் பேச வேண்டும். ஆங்கிலத் தலைப்பு நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் சொல்லும். எண்ணிக் கொண்டிருக்கும் வாக்கும் எண்ணி முடித்த வாக்கும் அதில் ஒரே வடிவம் பெறும். தமிழ்த் தலைப்பு பெரும்பாலும் வினையையே துறந்துவிடும்: ‘டூயி வெற்றி’. காலமும் இல்லை, சொன்னவர் யார் என்பதும் இல்லை. ஆனால் பேச்சில் நமக்கு அருமையான ஓர் இடைச்சொல் உண்டு. ‘டூயி வென்றாராம்’ என்னும்போது, இது நான் கண்டதன்று, கேட்டது என்று அந்த ‘ஆம்’ உறுதிமொழி தருகிறது. டிரிப்யூனைக் காப்பாற்ற ஓரசை போதுமாயிருந்திருக்கும். ஆனால் ‘ஆம்’ போட்ட தலைப்பைக் காசு கொடுத்து யார் வாங்குவார்? இதழின் அதிகாரமே அந்த ஓரசையை நீக்குவதில்தான் இருக்கிறது.

மூன்றாவது தலைப்பில் சிரிப்பு நின்றுவிடுகிறது. 1912 ஏப்ரல் 15 அன்று நியூயார்க் ‘ஈவினிங் சன்’, மோதலுக்குப் பின் டைட்டானிக்கில் இருந்த அனைவரும் காப்பாற்றப்பட்டனர் என்று அறிவித்தது. மறுநாள் லண்டன் ‘டெய்லி மெயில்’, கப்பல் மூழ்கியது, உயிரிழப்பு இல்லை என்றது. உண்மையில் இறந்தோர் ஏறத்தாழ 1,500 பேர். பிழைத்தோர் ஏறத்தாழ 700 பேர்.

விளையாட்டை இங்கும் ஆடிப் பார்க்கலாம். அனைவரும் பிழைத்திருந்தால், நனைந்த பெட்டிகளுக்கு இழப்பீடு கேட்டு எழுதப்பட்ட கடிதங்களே டைட்டானிக்கின் வரலாறாக எஞ்சியிருக்கும். ஆனால் 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் எத்தனை பெரிதாயினும் 16 உயிர்காப்புப் படகுகள் போதும் என்ற பிரிட்டிஷ் விதியும் எஞ்சியிருக்கும். டைட்டானிக் 46,000 டன். 2,200க்கும் மேற்பட்டோர் இருந்த அக்கப்பலின் 20 படகுகளில் 1,178 பேருக்கே இடம் இருந்தது. அனைவரும் பிழைத்த கதை, விதி சரியானது என்பதற்கு நிரூபணமாகியிருக்கும். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான 1914ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கைக்கு அன்று காரணம் இருந்திராது. அடுத்த பெருங்கப்பலும் அதே துணிவோடு புறப்பட்டிருக்கும். நல்ல செய்தி மெய்யாகியிருந்தால் விளையும் தீங்கை இக்கற்பனை மட்டுமே காட்டுகிறது.

அத்தலைப்பைப் படித்த உறவினர்களோ எந்த விளையாட்டும் ஆடவில்லை; அவர்கள் நிம்மதி அடைந்தார்கள். ஹாலிஃபாக்ஸில் பயணிகளை எதிர்கொள்ள ரயில் ஏற்பாடுகளும் தொடங்கின. தவறான தலைப்பின் உண்மையான விளைவு சில மணிநேர நிம்மதியும், அது பறிக்கப்பட்டதும்தான்.

எண்ணிமப்படுத்திய இதழ்த் தொகுப்புகளில் ஒரு நாளுக்குப் பெரும்பாலும் ஒரு பதிப்பே காணக் கிடைக்கிறது. தேடுசொல் இட்டதும் தலைப்பு மட்டும் தனியே வந்து நிற்கிறது. ஆய்வேட்டில் அதை மேற்கோள் காட்டும் மாணவர்கள் நாளோடு நிறுத்திவிடாமல், எத்தனையாவது பதிப்பு, எந்த நேரத்தில் அச்சுக்குப் போனது, செய்தி யார் வழியாக வந்தது என்பவற்றையும் தேடிக் குறிக்க வேண்டும். அவை கிடைக்காதபோது, தலைப்பின் இறுதியில் ஓர் ‘ஆம்’ சேர்த்துப் படித்துக்கொள்வது நல்லது.