புனைமொழி

கதைக்குள் வாழும் மக்களுக்கென்று ஒலி, சொல், இலக்கணம் என அடித்தளத்திலிருந்து கட்டப்படும் மொழி. சில புனைமொழிகளுக்குத் தனி எழுத்தும் உண்டு. தமிழர் ஒருவர் ஆக்கியவற்றுள் பரவலாக அறியப்பட்டது கிலிக்கி. 2015 ஜூலை 10 அன்று வெளியான பாகுபலி திரைப்படத்தில் காலகேயர் என்னும் போர்க்குடியினர் பேசுவதற்காகப் பாடலாசிரியர் மதன் கார்க்கி அதை உருவாக்கினார்.

பிறருக்குப் புரியாமல் பேசும் வழக்கம் தமிழில் பழையது. நன்னூல் அதைக் குழூஉக்குறி என்று வகைப்படுத்துகிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதையும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதையும் உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவர். எழுத்துக்கு எழுத்து 'க' சேர்த்துச் சிறுவர்கள் பேசும் 'க' பாஷையும் இவ்வகையில் சேரும். ஆனால் இவற்றில் மாறுவது சொல்லின் மேல்தோற்றம் மட்டுமே. வேற்றுமை உருபும் வினைமுற்றும் தமிழாகவே இருக்கும். நம் மாயக்கதைகளும் இந்த எல்லையைத் தாண்டவில்லை. அம்புலிமாமாவில் முருங்கை மரத்து வேதாளமும் விக்கிரமாதித்தனும் ஒரே தமிழில்தான் பேசிக்கொண்டார்கள்.

இலக்கணத்தோடு கூடிய புனைமொழியைக் கதை இலக்கியத்தில் நிலைநாட்டியவர் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். ஃபின்னிஷ் மொழியின் ஓசையில் மயங்கிக் குவென்யாவையும், வெல்ஷ் மொழியைப் பின்பற்றிச் சிண்டாரினையும் ஆக்கினார். இரண்டும் ஒரே மூலமொழியிலிருந்து கிளைத்தவை என்று காட்ட, ஒலிமாற்ற விதிகளையும் வகுத்தார். 1954–55இல் வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இந்த மொழிகளுக்கு வீடாக அமைந்தது.

அவருடைய தெங்வார் எழுத்துமுறையைத் தமிழ் வாசகர் நின்று பார்க்க வேண்டும். அதில் 24 முதன்மை எழுத்துகள் நான்கு வரிசைகளாக அடுக்கப்பட்டுள்ளன. எந்த வரிசை என்பதைப் பல், இதழ், அண்ணம் போன்ற ஒலிப்பிடம் முடிவு செய்கிறது. எழுத்தின் வளைவை இரட்டித்தால் வல்லொலி அதிர்வொலியாகும். தண்டை மேலே உயர்த்தினால் உரசொலியாகும். ஒலி மாறும் விதம் எழுத்தின் உருவத்திலேயே தெரிகிறது. எழுத்துகளை அவை பிறக்கும் இடத்தால் வகுப்பது தொல்காப்பியப் பிறப்பியலைப் படித்தவருக்குப் பழகிய நெறிதான். உயிரொலிகள் மெய்யின் தலைமேல் குறிகளாக ஏறுவதும் உயிர்மெய்க்கு நெருக்கமானது. ஆனால் குவென்யாவில் அந்தக் குறி உயிருக்கு முந்தைய மெய்யின் மேலும், சிண்டாரினில் பிந்தைய மெய்யின் மேலும் அமர்கிறது.

டோல்கீனுக்குப் பின் இந்தக் கலை திரைக்கு வந்தது. 1984இன் ஸ்டார் ட்ரெக் படத்துக்காக மார்க் ஓக்ராண்ட் கிளிங்கானை விரிவாக்கினார். வேற்றுலக உணர்வு தோன்ற, செயப்படுபொருளை முன்னும் எழுவாயைக் கடைசியிலும் வைத்தார். 2009இல் வெளியான அவதார் படத்துக்குப் பால் ஃப்ரோமர் ஆக்கிய நாவியில் சொற்களை எந்த வரிசையிலும் அடுக்கலாம்; யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்பதை வேற்றுமை உருபுகள் காட்டிவிடும். காலம் காட்டும் இடைநிலையோ வினைச்சொல்லின் உடலுக்குள்ளேயே புகுந்து நிற்கும். வினையடிக்குப் பின்னே காலத்தை ஒட்டும் தமிழ்க்காதுக்கு இது புதுமை.

கிலிக்கியின் வித்து ஆஸ்திரேலியாவில் விழுந்தது. அங்கே படித்த நாட்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த கார்க்கி, அவர்களோடு விளையாட 'கிளிக்' என்று சுமார் நூறு சொற்கள் கொண்ட மொழியைப் புனைந்தார். இயக்குநர் எஸ்.எஸ். ராஜமௌலியின் பாகுபலியில் கொடூரமான காலகேயருக்குப் பேச்சு தேவைப்பட்டபோது, அந்த விளையாட்டே அடித்தளமானது. சொற்கள் ஏறத்தாழ 750 ஆயின. இலக்கண விதிகள் 40 ஆயின. 'மின்' என்றால் நான், அதைத் திருப்பிய 'நிம்' என்றால் நீ. எதிர்ப்பொருளை எதிரொலியால் குறிக்கும் இந்த உத்தி குழந்தைகளுக்காகப் பிறந்தது. இதனால் ஒரு சொல்லைக் கற்றவருக்கு இரண்டு கிடைக்கின்றன. அச்சம் தரும் கடின மெய்களும் நாவைச் சுண்டும் ஒலிகளும் அதன் மேல் ஏறின. காலகேயர் தலைவனாக நடித்த பிரபாகரின் தொண்டை வழியே அந்த மொழி அரங்குகளை அடைந்தது. தமிழ்ப் பதிப்பிலும் தெலுங்குப் பதிப்பிலும் மற்ற பாத்திரங்களின் மொழி மாறியபோது, இந்த ஒரு மொழி மட்டும் மாறாமல் ஒலித்தது.

பெரும்பாலான திரைமொழிகள் படத்தோடு முடிந்துவிடும். கார்க்கி நிறுத்தவில்லை. 2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று, கிலிக்கியைக் கற்பதற்கான இணையதளத்தை ராஜமௌலி தொடங்கிவைத்தார். சொற்கள் பெருகியிருந்தன, தனி வரிவடிவமும் அமைந்திருந்தது. போர்முனையில் மிரட்டப் பிறந்த மொழிக்கு அன்றாட உரையாடல் சொற்கள் வந்தது, என் கணிப்பில், படத்தைவிடப் பெரிய பணி.

எழுத்துக்கு வாழ்வு கிடைப்பது சொல்லுக்குக் கிடைப்பதைவிடக் கடினம். கிளிங்கானின் தனி எழுத்தைக் கணினி எழுத்துத் தரமான யூனிகோடில் சேர்க்கும் கோரிக்கையை அதன் அமைப்பு 2001இல் நிராகரித்தது. அந்த மொழியை எழுதுவோரே பெரும்பாலும் ரோமன் எழுத்தைப் பயன்படுத்தியது அதற்கு முக்கியக் காரணம். கிலிக்கி வரிவடிவத்தின் நிலைபேறும் அதில் கடிதமும் கதையும் எழுத எத்தனை பேர் முன்வருவார்கள் என்பதையே பொறுத்தது.