எல்.எம்.பி.யா, எம்.பி.பி.எஸ்.ஸா?

டாக்டருக்குப் படிக்க இடம் கிடைத்த பிள்ளையைச் சுற்றி வீட்டார் உட்கார்ந்துகொண்டு, எந்த ஊர்க் கல்லூரி உத்தமம் என்று ஆலோசிப்பது இன்றைய வழக்கம். முக்கால் நூற்றாண்டுக்கு முந்திய சென்னை மாகாணத்திலோ, ஊரைக் காட்டிலும் பட்டத்தைப் பற்றிய யோசனையே முதலில் எழுந்தது. சர்வகலாசாலை வழங்கிய எம்.பி.பி.எஸ். ஒன்று, வைத்தியப் பள்ளிகளில் பயின்று பெற்ற எல்.எம்.பி. மற்றொன்று.

1835-இல் பொது ஆஸ்பத்திரியைச் சார்ந்து பள்ளியாகத் தொடங்கி, 1850-இல் கல்லூரியாகி, 1875-இல் மேரி ஷார்லீப் முதலிய நான்கு பெண்மணிகளைச் சேர்த்துக்கொண்ட பெருமை சென்னை மருத்துவக் கல்லூரிக்கு உண்டு. புதுக்கோட்டையிலிருந்து முத்துலட்சுமி அம்மையார் 1907-இல் வந்து சேர்ந்ததும் அங்கேதான். ஆனால் இன்டர்மீடியட் தேறி, அதன்மேல் ஐந்தாண்டு பட்டணவாசமும் செய்து, அத்தனை காலமும் சம்பளம் கட்ட எத்தனை குடும்பங்களால் இயலும்? பள்ளியிறுதியோடு நின்ற ஏழை வீட்டுப் பையனுக்கு, நான்காண்டில் முடிகிற எல்.எம்.பி.யும் ராயபுரம் வைத்தியப் பள்ளியுமே கதியாயின.

பெண்களுக்கென்றே எல்.எம்.பி. வாசல் ஒன்றைத் திறந்துவைத்தவர் ஐடா ஸ்கடர். திண்டிவனத்தில் பிரசவ வேதனையில் கிடந்த மூன்று பெண்களுக்கு ஆண் வைத்தியர் சிகிச்சை செய்ய வீட்டார் இசையாமற்போக, மூவரும் மாண்ட அந்த ஓர் இரவு, இளம்பெண்ணாயிருந்த அவரை வைத்தியத்துறைக்கு இழுத்தது. வேலூரில் 1918-ஆம் வருஷம் ஆகஸ்டில் அவர் ஆரம்பித்த எல்.எம்.பி. பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்தவர் 17 பேர். 1922-இல் பட்டம் பெற்று வெளிவந்தவர் 14 பேர். ஊராரின் ஏச்சைப் பொறுத்துக்கொண்டு மகளை அனுப்பிய அந்தத் தகப்பன்மார்களை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

சர்க்கார் உத்தியோகத்தில் எல்.எம்.பி. படித்தவர் சப்-அசிஸ்டன்ட் சர்ஜன், எம்.பி.பி.எஸ். படித்தவர் அசிஸ்டன்ட் சர்ஜன். அந்த 'சப்' என்னும் ஓரசை ஆயுள் முழுதும் உடன் வந்தது. ஆயினும் கிராமத்துக்கு அந்தஸ்து தெரியாது. திண்ணையில் நோயாளிகள் காத்திருக்க, உள்ளே கம்பவுண்டர் மிக்ஸ்சரைக் கலக்கிப் புட்டியில் ஊற்றி, காகிதத்தை மடித்து ஓரங்களைக் கத்தரித்து, வேளைக்கு இவ்வளவென்று அளவு தெரியும்படி புட்டியின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார். படிக்கத் தெரியாத பாட்டியும் அந்த வெட்டுக்களைப் பார்த்து அளவு தவறாமல் குடிப்பாள். அந்த வைத்தியர் வீட்டு வாசலில் தொங்கிய பலகையில் பெரும்பாலும் எல்.எம்.பி. என்றே எழுதியிருந்தது.

இது வெறும் அபிமானப் பேச்சன்று. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1946-இல் வெளியான போர் (Bhore) குழுவின் அறிக்கை, அன்றைய இந்தியாவில் பதிவு பெற்ற வைத்தியர் சுமார் 47,500 பேரில் ஏறக்குறைய 30,000 பேர் இத்தகைய பள்ளிப் பட்டதாரிகளே என்று கணக்கிட்டது. எனினும், இனி ஒரே தரத்து வைத்தியரே போதும் என்று அக்குழு தீர்மானிக்க, அங்கத்தினருள் அறுவர் மாத்திரம் கிராமங்களின் தேவையைச் சுட்டித் தங்கள் மறுப்பை எழுதிவைத்தனர். சென்னை மாகாணத்தில் மாறுதல் முன்னமே வந்துவிட்டது. ஸ்டான்லி என்று பெயர் மாறியிருந்த ராயபுரம் பள்ளி 1938-இல் கல்லூரியாயிற்று. வேலூர், பெரும் பணமுடைக்கு நடுவே, 1942-இல் எம்.பி.பி.எஸ். கற்பிக்க அனுமதி பெற்றது.

கல்வியின் தரம் உயர்ந்தது நல்லதே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குறுகிய வாசலை அடைத்தவர்கள், அதன் வழியே வந்தவர்கள் போய்ச்சேர்ந்த கிராமங்களுக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டு அடைத்திருக்கவேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் எல்.எம்.பி. என்று பொறித்த பித்தளைப் பலகை ஏதேனும் கிடக்குமானால், பழைய பாத்திரத்தோடு அதைப் போட்டுவிடாதீர்கள். துலக்கி, பேரப்பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் மாட்டிவையுங்கள்.